அப்பா எந்த நாட்டில் பிறந்தார்?

"அச்சன் எவிடெயா ஜனிச்சது?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டார். மகனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கத் திருவனந்தபுரத்தில் ஒரு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மூன்றாவது முறை. என் அப்பாவைத்தான் கேட்கிறார் என்று புரிய ஒரு நொடி ஆனது. "தோவாளை" என்றேன்.

"அது தமிழ்நாடல்லே?"

பேனாவை மூடிவிட்டார். கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார், அங்கே போய்க் கேளுங்கள் என்று.

அங்கேயே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. சாலை என்ற கடைத்தெருவுக்குத் திரும்பி வந்து, கடையைப் பாதி திறந்து, புளிச் சாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டு இதை எழுதத் தொடங்கினேன்.

என் அப்பா பிறந்தது 1941இல். அன்று தோவாளை திருவிதாங்கூர். சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பிரஜையாகப் பிறந்தார். பத்து வயதில் தாத்தா அவரைக் கையோடு கூட்டி வந்து, அதே ராஜ்யத்தின் தலைநகரில், சாலைக் கம்போளத்தில், பலசரக்குக் கடையில் ஏற்றினார். வழியில் குழித்துறை ஆறு, நெய்யாறு, கரமனை ஆறு. தாண்டியது அவ்வளவுதான். அதன்பிறகு சாகும்வரை இந்தத் தெருவை விட்டு அவர் எங்கேயும் குடிபோகவில்லை. அவருக்குப் பதினைந்து வயதானபோது, 1956 நவம்பர் 1ஆம் தேதி, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் மதராஸ் ராஜ்யத்துக்குப் போயின. சாலை கேரளத்தில் நின்றது. அன்று காலையும் அவர் வழக்கம்போலக் கடையைக் கூட்டித் தண்ணீர் தெளித்திருப்பார். வந்தேறி ஆகிவிட்டோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

சாலை எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். நாஞ்சில் நாட்டு நெல்லும் தோவாளைப் பூவும் கருப்பட்டியும் வந்து இறங்குவதற்கென்றே உண்டான இடம் இது. இதை உண்டாக்கிய திவான் ராஜா கேசவதாஸ் விளவங்கோட்டுக் குன்னத்தூர்க்காரர். தலைமைச் செயலகத்துக்கு முன்னால் சிலையாக நிற்கிறாரே வேலுத்தம்பி தளவாய், அவர் கல்குளம் தாலுகா தலக்குளத்துக்காரர். பத்மநாபபுரத்திலிருந்து தலைநகரமே 1795இல் இங்கே பெயர்ந்து வந்தது. அந்தக் கேசவதாஸ் இன்றைக்கு அந்தக் கண்ணாடித் தடுப்பின் முன் போய் நின்றால் அவருக்கும் பேனா மூடிக்கொள்ளும்.

மொழிவாரியாகப் பிரித்தது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் தமிழர்கள் பட்டது பாடுதான். 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி தொடுவெட்டியிலும் புதுக்கடையிலும் முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளையின் போலீஸ் சுட்டதில் விழுந்தவர்கள் எங்கள் சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்கள். பட்டத்தின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த ராம் மனோகர் லோகியாவே மந்திரிசபை விலக வேண்டும் என்று கேட்ட துப்பாக்கிச்சூடு அது. மார்ஷல் நேசமணி போராடினார். அவர் இல்லையென்றால் நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டுக்கு வந்திராது. அவர் படம் எங்கள் கடையிலும் இருந்தது, பிள்ளையார் படத்துக்குக் கீழே. ஆனாலும் அவர் கட்சிக்காரர்களைக் கேட்கிறேன்: திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் என்றுதானே பெயர் வைத்தீர்கள்? நாங்களும் திருவிதாங்கூர்த் தமிழர்தானே? சாலையும் பக்கத்து வலியசாலையும் கரமனையும் உங்கள் கணக்கில் எங்கே வந்தன?

நெய்யாற்றின்கரையைக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. தேவிகுளத்தில் தமிழரே அதிகம், அதுவும் கிடைக்கவில்லை. பீர்மேடும் போயிற்று. தேயிலை பறிக்க வந்த கூட்டம், நிலையாகத் தங்குகிறவர்கள் இல்லை என்று எழுதிவிட்டார்கள். ராஜ்ய மறுசீரமைப்புக் கமிஷனின் பஸல் அலி, குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் மூன்று பேரும் 1955 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். "குளமாவது மேடாவது" என்று காமராஜர் தலையில் ஏற்றிச் சொல்லும் ஒரு பேச்சு உண்டு, எல்லாம் இந்தியாவில்தானே இருக்கிறது என்ற அர்த்தத்தில். இந்தியாவில்தான் இருக்கிறது ஐயா. சான்றிதழ் கேட்டால் மட்டும் இந்தியா வந்து கையெழுத்துப் போடுவதில்லை.

எனக்கு இதில் அடங்காத கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. எல்லைக்கோட்டைப் போட்டவர்களுக்கு எங்களைப் பற்றித் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்திருந்தது. ராஜ்யங்களைப் பிரித்த அதே நாளில் அரசியல் சாசனத்துக்கு ஏழாவது திருத்தமும் வந்தது. அதில் 350ஏ என்று ஒரு பிரிவு: மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்விக்கு ஒவ்வொரு ராஜ்யமும் வசதி செய்ய முயல வேண்டும். 350பி என்று இன்னொன்று: இந்தச் சிறுபான்மையைக் கவனிக்க ஒரு தனி அதிகாரி. மறந்துபோனவனை மன்னிக்கலாம். இவர்கள் மறக்கவில்லை. எழுதி வைத்தார்கள். எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தத் தனி அதிகாரியின் தலைமை அலுவலகம் பல காலம் இருந்தது அலகாபாத்தில். சாலையிலிருந்து அலகாபாத்துக்குப் போய், ஐயா என் பிள்ளைக்குத் தமிழ் வாத்தியார் இல்லை என்று இந்தியில் சொல்ல வேண்டும்!

2017இல் கேரளத்தில் எல்லாப் பள்ளியிலும் மலையாளம் கட்டாயம் என்று சட்டம் வந்தது. அதிலும் எனக்கு வருத்தமில்லை. மலையாளம் எங்களுக்கு என்ன அந்நியமா? நான் சண்டை போடுவதே மலையாளத்தில்தான், மனைவியோடு உட்பட. ஆனால் தமிழ்? அப்பா பற்று வரவு முழுக்கத் தமிழில் எழுதினார். அந்தப் பேரேடுகள் மேலே பரணில் கிடக்கின்றன. என் மகனால் அவற்றைப் படிக்க முடியாது. எண்களை மட்டும் படிப்பான்.

இந்தக் கோடு எங்களுக்கு என்ன செய்தது என்று கேட்டால் பெரிதாக ஒன்றைச் சொல்ல முடியாது. சில்லறை சில்லறையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1956க்கு முன் தாத்தா வடசேரியிலிருந்து வத்தல் மிளகாய் கொண்டுவர ஒரு துண்டுச் சீட்டு போதும். எல்லை வந்த அதே 1956இல் மத்திய விற்பனை வரிச் சட்டமும் வந்தது. நேற்றுவரை பக்கத்து ஊர்ச் சரக்கு, இன்று அந்நிய ராஜ்யச் சரக்கு. சி படிவம் வாங்கு, வரி கட்டு, செக்போஸ்டில் நில். எங்கள் லாரி ஒரு ராத்திரி முழுக்க நின்றதை நான் ஒன்பது வயதில் பார்த்திருக்கிறேன். அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்ததையும், மடித்ததையும், கை குலுக்குவதுபோலக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைக் "கூலி" என்றார். கூலிக் கணக்கில் எழுதினார். அந்தப் பேரேட்டை எடுத்துப் பார்த்தால் எங்கள் வீட்டில் அவ்வளவு கூலியாட்கள் இருந்ததாகத் தோன்றும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து அந்தச் செக்போஸ்டுகள் போயின. அப்பா அதைப் பார்க்க இல்லை.

பிறகு தண்ணீர். நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் 2004இல் நின்றது. திட்டம் போட்டபோது ஒரே ராஜ்யத்தின் அணை. இப்போது இரண்டு ராஜ்யத்தின் வழக்கு. அங்கே வாழை வைத்த என் மச்சினர் வயலை ரப்பராக்கிவிட்டார். சாலைக்கு அவர் அனுப்பும் மட்டிக்குலையும் நின்றது. எங்களுக்கு இங்கே குடிக்க வெள்ளம் உண்டு. அவருக்கு அங்கே கால்வாய் உண்டு, காய்ந்தது. கல்யாணங்களில் சந்திக்கும்போது "ஒங்க கேரளா" என்று ஆரம்பிப்பார். எங்க கேரளா! இங்கே என்னைப் "பாண்டி" என்கிறான். அங்கே போனால் "மலையாளத்தான் வந்திருக்கான்" என்கிறான். என் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறான். தங்கச்சி வீட்டிலிருந்து வாங்கிவந்த ஸ்கூட்டரில் டிஎன் 74 என்று இருந்ததால் கிள்ளிப்பாலத்தில் ஒரு மாதத்தில் நான்கு முறை மறித்தார்கள்.

2020 ஏப்ரலைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

சித்தி பூதப்பாண்டியில் இறந்தாள். அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள். "மக்ளே, சோறு தின்னியா" என்பதுதான் போனில் அவளது முதல் வாக்கியம், எந்த நேரமானாலும். ஊரடங்கு. களியக்காவிளை இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். இந்தப் பக்கம் ஒரு பாஸ், அந்தப் பக்கம் ஒரு பாஸ். ஒன்று கிடைத்தது, மற்றது நிலுவையில் என்று காட்டியது. இங்கே ஒரே மாவட்டத்துக்குள் சாவுக்குப் போகிறவனை விட்டார்கள்; நான் போக வேண்டியது வேறு ராஜ்யச் சாவு. போனில்தான் பார்த்தேன். போனைப் பிடித்திருந்த பையன் கை வலித்து மாற்றும்போதெல்லாம் பந்தல் ஓலை தெரிந்தது. குளிப்பாட்டும்போது ஓலை. எடுக்கும்போதும் ஓலை. பாஸ் மறுநாள் சாயங்காலம் வந்தது. அதற்கு முந்தைய மாதம் காசர்கோட்டு எல்லையில் கர்நாடகக்காரர்கள் ரோட்டில் மண்ணைக் கொட்டி மூடினார்கள், மங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் ஆட்கள் செத்தார்கள். மலையாளப் பத்திரிகைகள் கொதித்தன. நானும் கொதித்தேன். எல்லை என்றால் என்ன என்று அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

பக்கத்துக் கடைக்காரரின் மகள் இங்கிலாந்தில் நர்ஸ். பிரெக்ஸிட், பிரெக்ஸிட் என்று அவர் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது வருடமாக லண்டனில் குடியிருந்த இத்தாலிக்காரக் கிழவியும், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று 2021 ஜூன் 30க்குள் மனுப்போட வேண்டியிருந்தது. பெல்ஃபாஸ்டுக்குப் போகும் சாசேஜுக்குக் காகிதம் கேட்டார்கள் என்று லண்டனும் பிரஸ்ஸல்ஸும் சண்டை பிடித்தன. கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வத்தல் மிளகாய்க்கு யார் சண்டை பிடித்தார்கள்? ஆனாலும் அந்த நாட்டு ஜனங்களை ஒரு வார்த்தையாவது கேட்டார்கள். 2016 ஜூன் 23ஆம் தேதி ஓட்டுப் போட்டார்கள். நூற்றுக்கு 51.9 பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போகலாம் என்றார்கள். பொய் சொல்லியாவது கேட்டார்கள். வாரம் 35 கோடி பவுண்டு மிச்சம் என்று பஸ்ஸில் எழுதி ஓட்டினார்கள். இன்று திட்டுவதற்கு அந்த பஸ் இருக்கிறது, வாக்கெடுப்பு வைத்துவிட்டு மறுநாளே விலகுவதாகச் சொன்ன கேமரூன் இருக்கிறார். நான் யாரைத் திட்ட? நேசமணியைத் திட்ட மனம் வராது. பட்டம் செத்துப்போனார். பணிக்கர் போனார். காமராஜரைத் திட்டினால் தமிழ்நாட்டில் அடிப்பார்கள்.

தாத்தாவைத் திட்டலாம். 1954 ஆகஸ்டில், துப்பாக்கிச்சூட்டுச் செய்தி சாலைக்கு வந்த அன்று, தாத்தா கடையை அடைக்கவில்லை. முழுதாகத் திறக்கவும் இல்லை. பலகையில் பாதியை எடுத்து வைத்துவிட்டுப் பாதியோடு வியாபாரம் செய்தார். அப்பா இதைப் பெருமையாகச் சொல்வார், சமர்த்து என்று. இங்கே இருந்த தமிழ் வியாபாரிகளில் பலரும் அந்தப் பாதிப் பலகைக்காரர்கள்தான். மலையாளி வாடிக்கை போய்விடும் என்று ஒரு மனுக்கூடப் போடவில்லை. அந்தப் பாதிப் பலகைக்கு நான் இன்றுவரை வட்டி கட்டுகிறேன்.

நவராத்திரிக்கு வருடாவருடம் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் வேளிமலை முருகனும் புறப்பட்டுத் திருவனந்தபுரம் வருகிறார்கள். களியக்காவிளையில் இரண்டு ராஜ்யத்துப் போலீசும் வரிசையாக நின்று மரியாதை செய்கிறது. முருகன் தங்குவது எங்கள் ஆரியசாலைக் கோயிலில். போன வருடமும் மாலை வாங்கிக்கொண்டு போனேன், தோவாளைப் பூதான். பக்கத்தில் நின்ற மலையாளிப் பாட்டி அவரைப் பார்த்து "நம்முடெ முருகன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஏன் என்று அப்போது தெரியவில்லை.

இதைப் பாதியில் நிறுத்திவிட்டு, சான்றிதழுக்காகத் தமிழ்நாட்டுப் பக்கமும் போய்ப் பார்த்துவிட்டேன். தம்பானூரில் பஸ் ஏறி, அங்கே ஒரு அலுவலகத்தில், மதியச் சாப்பாடு முடிந்து அதிகாரி வரும்வரை பெஞ்சில். நல்ல மனிதர். "அண்ணாச்சி, மகாராஜா காலத்து ரிக்கார்டு எல்லாம் திருவனந்தபுரத்துலல்லா கிடக்கு, நீங்க அங்கேயிருந்து இங்க வந்திருக்கீயளே" என்றார். சரி, அதையாவது எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதிக் கொடுத்தார், நல்ல தமிழில், பச்சை மையில்: இவ்வலுவலகத்தில் பதிவு ஏதும் இல்லை.

அதைக் கொண்டுவந்து கண்ணாடித் தடுப்பின் அடியில் தள்ளினேன். அந்தப் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழ் வாசிக்கத் தெரியாது, மலையாளத்தில் மொழிபெயர்த்து அத்தாட்சிக் கையெழுத்து வாங்கித் திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார்.