ஒன்றரை மனிதர்

சென்ற மாதம் எம்மிடம் பயிலும் மாணவர் சிலரைக் கந்தரோடைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். அளவெட்டியிலிருந்து சைக்கிளில் அரைமணி நேரங்கூட ஆகாது. போல் பீரிஸ் அவர்கள் 1917ஆம் ஆண்டளவில் அகழ்ந்து வெளிக்கொணர்ந்த முருகைக்கல் தூபிகள் அங்கே பனைகளின் நடுவே கூட்டமாக நிற்கின்றன. எமது மண்ணில் ஒருகாலத்திற் பௌத்தமும் செழித்திருந்த வரலாற்றை நாம் சொல்லிக்கொண்டிருக்கையில் மாணவன் ஒருவன் குறுக்கிட்டான்.

"ஐயா, ஒன்றரை மனிதர் என்பது என்ன கணக்கு?"

அவன் மகாவம்சத்தின் 25ஆம் அத்தியாயத்தைப் படித்திருக்கிறான் என்பது உடனே விளங்கிற்று. அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் நடுநிலை தவறாது ஆண்டவன் என்று அந்நூலே புகழும் எல்லாளனைத் துட்டகைமுனு போரிற் கொன்றான். பகைவனின் உடலுக்கு உரிய மரியாதை செய்து, அவ்விடத்தைக் கடப்போர் வாத்தியம் முழக்கலாகாது என்றும் ஆணையிட்டான். வெற்றிக்குப் பின் ஓர் இரவு, மாடத்தில் இருந்த மன்னனுக்கு மகிழ்ச்சி பிறக்கவில்லை. மாண்டுபோன பெருஞ்சேனை நினைவில் வந்து வருத்திற்று. அதனை அறிந்து பியங்குதீபத்திலிருந்து எட்டு அரகந்தர்கள் வந்தனராம். உன் சுவர்க்கத்துக்கு இதனால் தடையில்லை; நீ கொன்றது ஒன்றரை மனிதரையே என்று தேற்றினராம். மும்மணிகளைச் சரணடைந்தவன் ஒருவன், பஞ்சசீலமும் மேற்கொண்டவன் ஒருவன். இவ்விருவரையும் சேர்த்தே ஒன்றரை என்றனர். ஏனையோர் விலங்குகளுக்கு ஒப்பானவர் என்பது அவர்கள் முடிபு.

இது புத்தபிரானின் வாக்கன்று. போர் நடந்து ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட நூலின் கூற்று. இப்பகுதி புத்தரின் போதனைக்கு முற்றிலும் முரணானது என்று வல்பொல ராகுல தேரரே, இலங்கைப் பௌத்த வரலாறு பற்றிய தமது நூலில், 1956இல் எழுதியிருக்கிறார். எமக்குத் தோன்றுவது இன்னும் ஒன்று. உறக்கம் இழந்து வருந்தினானே அம்மன்னன், அவ்விரவில் அவனன்றோ புத்தரின் மாணாக்கன்? தேற்ற வந்தவர்கள் அல்லர்.

இத்தகைய வருத்தத்தைத் தேற்றி அடக்காமல் கல்லில் வெட்டி வைத்த அரசனும் உளன். கலிங்கப் போரில் 1,50,000 பேர் சிறைகொண்டு செல்லப்பட்டனர், 1,00,000 பேர் கொல்லப்பட்டனர், அதனினும் பன்மடங்கினர் வேறு விதங்களில் மாண்டனர் என்று அசோகன் தனது 13ஆம் பாறைச் சாசனத்திற் கணக்குச் சொல்கிறான். அவன் கலிங்கத்தைத் திருப்பிக் கொடுத்தானல்லன். அச்சாசனத்தைக் கலிங்கத்துப் பாறைகளிற் பொறிக்கவுமில்லை. அரசன் அரசனே. ஆயினும் அவன் கணக்கில் அரை மனிதர் எவரும் இல்லை.

புத்தரின் நிலை யாது? சம்யுத்த நிகாயத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. போர்வீரர் தலைவன் ஒருவன் அவரிடம் வந்து, களத்திற் பொருது மடிபவன் தேவருலகு சேர்வான் என்று எம் முன்னோர் கூறுகின்றனரே, தங்கள் கருத்து யாது என்று வினவுகிறான். இதனைக் கேளாதே என்று இருமுறை மறுக்கிறார். மூன்றாம் முறையும் கேட்கவே, கொல்லும் எண்ணத்தோடு மடிபவன் நரகையே அடைவான் என்கிறார். தலைவன் அழுகிறான். அவர் கூறியதற்காக அன்று; ஆசிரியர் பரம்பரை தன்னை இத்தனை காலம் ஏமாற்றிவிட்டதே என்று.

இவ்விடத்தில் நாமும் சற்றுத் தலைகுனிதல் வேண்டும். வீரசுவர்க்கம் என்பது எமது சொல். நடுகல் நாட்டி வழிபட்டவர்கள் எம் முன்னோர். கெமுனுவின் பெயரால் இலங்கை இராணுவத்தில் 1962இல் ஒரு படைப்பிரிவு எழுந்தது. 2007 ஒக்டோபரில் அநுராதபுர விமானத் தளத்தைத் தாக்கிய புலிகள் அந்நடவடிக்கைக்கு எல்லாளன் பெயரைச் சூட்டினர். இறந்து இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் அவ்விரு மன்னருக்கும் ஓய்வு கிடைக்கவில்லை.

நிற்க. இக்காலத் தலைவர்களிடம் வருவோம். 1951 செப்டெம்பரில் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் நிதி அமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தன, பகையைப் பகையால் வெல்ல இயலாது என்னும் புத்த வாக்கைச் சொல்லி, ஜப்பானிடம் இலங்கை நட்டஈடு கேளாது என்று அறிவித்தார். உலகம் கைதட்டியது, தட்டியது தகும். அவரே ஜனாதிபதியாயிருந்த 1983 யூலையிற் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. நான்கு நாள் சென்றபின் நாட்டுக்கு ஆற்றிய உரையில் மாண்டவர்க்காக ஓர் இரங்கற் சொல்லும் அவர் கூறினாரல்லர். தூரத்து ஜப்பானியனுக்குக் கிடைத்த தர்மம் அயல்வீட்டுக்காரனுக்குக் கிடைக்கவில்லை.

ஒன்றரை மனிதர் கணக்கு கடல் கடந்தும் சென்றது. றொகிங்கியா மக்கள் இலட்சக்கணக்கில் வங்கதேசத்துக்கு ஓடிக்கொண்டிருந்த 2017 ஒக்டோபரில், மியன்மாரின் புகழ்பெற்ற பிக்குவாகிய சிதகு சயாதோ இராணுவ அதிகாரிகளுக்குப் போதனை செய்கையில் இதே துட்டகைமுனு கதையை எடுத்துரைத்தார். அவ்வதிகாரிகளுள் எவரேனும் அம்மன்னனைப் போல் உறக்கமின்றித் தவித்திருப்பின், அத்தவிப்பும் அன்றே தணிந்திருக்கும்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு மழையில், செம்மணி வெளியைக் கடந்து நாவற்குழிப் பாலத்தின் மேல் இலட்சக்கணக்கானோர் நடந்தபோது நாமும் அவர்களுள் ஒரு சிறுவராய் நடந்தோம். ஆகவே இக்கணக்கைப் பற்றிப் பேசும்போது எமக்குக் குரல் சற்று உயர்ந்துவிடுவதுண்டு. அன்றும் உயர்ந்தது. மாணவன் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "மன்னன் ஆறுதல் அடைந்தானா, ஐயா?" என்றான். அடைந்தான் என்றே நூல் சொல்கிறது என்றோம்.

அடுத்த பயணம் நயினாதீவுக்கு. மணி பதித்த ஆசனம் ஒன்றுக்காக மகோதரன், சூலோதரன் என்னும் இரு நாக அரசர் படை திரட்டி நின்றபோது புத்தர் நடுவே தோன்றிப் போரை நிறுத்திய நாகதீபம் இதுவே என்பர். மணிமேகலையும் இத்தகைய ஒரு கதையைக் கூறும். மகாவம்சத்தில் அது முதலாம் அத்தியாயத்திலேயே உள்ளது. அவ்வாறு தொடங்கிய நூல் 25ஆம் அத்தியாயத்தில் ஏன் அவ்வாறு பேசிற்று என்று அம்மாணவன் நிச்சயம் கேட்பான். குறிகட்டுவானிற் படகேறுமுன் விடை தேடி வைத்தல் வேண்டும்.