அமெரிக்க மாப்பிள்ளையும் நிகாஹ் திகதியும்

“மாப்பிள்ளை அமெரிக்காவில், கிரீன் கார்டு இருக்கிறது.” இந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் நம் வீடுகளில் மற்றக் கேள்விகளெல்லாம் அடங்கிவிடுகின்றன. தொழுகை, தொழில், குடும்பம் என்று விசாரிக்கிறவர்கள்கூட, அந்தக் கார்டு எப்போது, எந்த வழியில் கிடைத்தது என்று விசாரிப்பதில்லை. மணப்பெண் எத்தனை வருடம் வாப்பா வீட்டில் காத்திருக்கப்போகிறாள் என்பதே அதில்தான் இருக்கிறது.

அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரின் மனைவிக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. கடதாசி வேலை முடியும் காலம்தான். கிரீன் கார்டு மட்டும் உள்ளவரின் மனைவியோ வரிசையில் நிற்க வேண்டும். உலகம் முழுவதிலுமுள்ள இத்தகைய மனைவியருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் சேர்த்து வருடத்துக்கு ஏறத்தாழ 88,000 விசாதான். வரிசை ஒரே சீராகவும் நகர்வதில்லை. 2019 ஜூலை முதல் 2023 மார்ச் வரை வரிசையே இருக்கவில்லை. ஆனால் அதற்கு இடையில் 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கதவையே மூடிவிட்டார்கள்! 2023 ஏப்ரலில் வரிசை திரும்ப வந்தது.

இனி, பலரும் அறியாத ஒன்று. தொழில் வழியாகவோ, சகோதரர் போட்ட மனுவின் வழியாகவோ குடியேறுகிறவர் கார்டு கிடைக்குமுன் நிகாஹ் செய்திருந்தால், மனைவி அவருடைய இடத்திலேயே பின்தொடர்ந்து போகலாம். கார்டு கிடைத்த மறுநாள் நிகாஹ் செய்தால் புதிய மனு, புதிய வரிசை. ஆனால் கிரீன் கார்டுள்ள வாப்பா, “மணமாகாத மகன்” என்று மனுப் போட்டிருந்தால் கதை தலைகீழ். நிகாஹ் நடந்த அன்றே அந்த மனு செத்துவிடும்.

இதற்காகவே, “ஹஸரத், பதியாமல் ஓதிவிடுங்கள்; கார்டு வந்தபின் பதிவோம்” என்று சிலர் வருகிறார்கள். என்னிடமும் வந்தார்கள், மறுத்துவிட்டேன். பதியாததால் நிகாஹ் செல்லாமல் போவதில்லை என்பது உண்மை. ஆனால் பதிவிக்கும் பொறுப்பை 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மாப்பிள்ளை, வலி, ஓதிவைப்பவர் மூவர் மீதும் சுமத்துகிறது. அங்கே மணமாகாதவன் என்று பொய் சொல்லிப் பெற்ற கார்டு என்றைக்கும் பறிபோகலாம். இங்கேயோ அந்தப் பெண்ணின் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இராது.

தொலைபேசி நிகாஹும் இப்படித்தான். மாப்பிள்ளை வகீலை நியமித்து நிகாஹ் செய்ய ஷரீஅத்தில் இடமுண்டு. ஆனால் கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் இல்லாமல் நடந்த திருமணத்தை, அதன்பின் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தாலன்றி அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் ஏற்பதில்லை. ஆகவே மாப்பிள்ளை நேரில் வந்து நிகாஹ் செய்துகொள்ளட்டும். லீவு இல்லை என்பவருக்கு மனைவியும் அவசரமில்லை போலும்!

காத்திருக்கும் காலத்தில் போய்ப் பார்த்து வரலாம் என்றால், மனு நிலுவையில் உள்ள மனைவிக்குச் சுற்றுலா விசா பெரும்பாலும் கிடைப்பதில்லை. கணவன் வந்து தங்கினாலோ ஆறு மாதம் தாண்டினால் குடியுரிமைக்கான ஐந்து வருடக் கணக்கு முறியக்கூடும். ஒரு வருடம் தாண்டினால் கார்டுக்கே ஆபத்து. கணவனைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று உமர் (ரலி) அவர்கள் தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் கேட்டறிந்து, படைவீரர்கள் வீடு திரும்ப மாதக்கணக்கில் தவணை வைத்தார்கள் என்பது கிதாபுகளில் உள்ள செய்தி. நாமோ வருடக்கணக்கைச் சாதாரணமாகப் பேசுகிறோம். தூரத்தில் இருப்பதால் நஃபகா கடமை நீங்கிவிடாது. மாதச் செலவு எவ்வளவு, வருடத்தில் எத்தனை முறை வருவார் என்பதை நிகாஹுக்கு முன்பே பெரியவர்கள் முன்னிலையில் எழுதி வாங்குங்கள். செலவு கொடுக்காதவரைக் காதி நீதிமன்றத்தில் கேட்கலாம், அதில் வெட்கமில்லை.

நம் யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1990 அக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் நம்மை வெளியேற்றியபோது, பத்திரங்களை விட்டுவிட்டு வந்த வீடுகள் பல. உம்மா, வாப்பாவின் பதிவு யாழ்ப்பாணத்தில், மகளின் பதிவு புத்தளத்தில், பெயரோ இரண்டிலும் இரண்டு விதம். கொழும்பில் தூதரக நேர்முகத்துக்கு அழைப்பு வந்த பிறகு கச்சேரி கச்சேரியாக ஓடுவதைவிட, பெண் பேசும்போதே பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியை எடுத்து, பெயரின் எழுத்துகளைக் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுத் திருத்தி வையுங்கள்.