விழாத கோலுக்கு என்ன கூலி?

சென்ற மாதம் கும்மிடிப்பூண்டிக்குப் போயிருந்தேன். இலக்கியக் கூட்டம் ஒன்றுமில்லை. அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் மேற்பார்வையாளராக இருக்கும் நண்பர் ஒருவரின் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறி, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று ஒவ்வொரு நிலையமாக எண்ணிக்கொண்டு போனேன்.

எனக்கு எதிரே பத்தொன்பது, இருபது வயதிருக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை. பையின் வாரில், கயிற்றால் கட்டித் தொங்கவிட்ட பந்தாட்டக் காலணிகள். அடியில் செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி அந்தக் காலணியையே பார்த்துக்கொண்டு வந்தாள். மீஞ்சூர் தாண்டியதும் கேட்டுவிட்டாள்:

"ஏம்மா, நீ பந்து ஆடுற பொண்ணா? எத்தினி கோல் போட்டிருக்கே?"

"நான் கோல் போட மாட்டேன் ஆயா. போட வர்றவங்களைத் தடுப்பேன். ஸ்டாப்பர்."

"அப்ப நீ ஆடறதே இல்லியா?"

பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. பையை இழுத்து மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். பொன்னேரியில் இறங்கிப் போய்விட்டாள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அன்று மாலை நண்பர் தம் தொழிற்சாலையைக் காட்ட அழைத்துப் போனார். வாசலில் ஒரு பெரிய பலகை. 'விபத்து இல்லாத நாட்கள்' என்று எழுதி, கீழே ஓர் எண். தினமும் காலையில் ஒருவர் வந்து அந்த எண்ணை ஒன்று கூட்டி எழுதுவாராம். எத்தனை டன் இரும்பு உருக்கினோம் என்பதை விட நண்பருக்கு இந்தக் கணக்கில்தான் பெருமை. நான் அந்தப் பலகைக்கு முன்னால் சற்று நேரம் நின்றுவிட்டேன். நடக்காத ஒன்றைக் கணக்கெடுக்க மனிதனுக்குத் தெரிந்திருக்கிறது! நசுங்காத விரலை, போகாத கண்ணை, விதவையாகாத மனைவியை எண்ணி எழுதத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் விழாத கோலை எண்ண மட்டும் நமக்கு ஏன் தெரியவில்லை?

இதை அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். விருந்துக்கு வந்திருந்த ஒரு பெரியவர், நல்ல உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், சாவதானமாக வெற்றிலை போட்டுக்கொண்டே என்னை மடக்கினார். அவர் சொன்ன நியாயங்கள் அவருடையவை மட்டுமல்ல; நம் நடுத்தர வர்க்கம் முழுவதும் வாயில் வைத்திருப்பவை. ஆகவே அவற்றுக்கு இங்கே ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதல் நியாயம்: "பெண்கள் ஆடுகிற கால்பந்தை யார் ஐயா பார்க்கிறார்கள்? கூட்டம் வந்தால் பணம் வரும். கூட்டம் இல்லாத இடத்தில் கூலி கேட்டால் எப்படி?"

இதற்குப் பதில் சொல்ல கும்மிடிப்பூண்டி போலவே ஒரு தொழிற்சாலை ஊருக்குப் போகவேண்டும். இங்கிலாந்தில் பிரஸ்டன் என்று ஓர் ஊர். முதல் உலக யுத்தத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, அங்கே 'டிக், கெர்' என்ற தொழிற்சாலையில் பெண்கள் வெடிகுண்டு செய்தார்கள். வேலை இடைவேளையில் பந்து உதைத்தார்கள். 1917-ல் ஓர் அணியே உருவாகிவிட்டது. 1920 டிசம்பர் 26-ஆம் தேதி லிவர்ப்பூல் நகரத்தில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 53,000 பேர்! இடமில்லாமல் வாசலிலிருந்து திரும்பியவர்கள் தனி. அடுத்த ஆண்டு, 1921 டிசம்பரில், அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் என்ன செய்தது தெரியுமா? இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, தன் அங்கத்தினர் மைதானங்களின் கதவைப் பெண்களுக்குச் சாத்திவிட்டது. வசூலில் பெரும்பகுதி செலவுக்கே போய்விடுகிறது என்றும் ஒரு குற்றச்சாட்டு. அதாவது, ஆட்டக்காரிக்குக் காசு போவதுதான் கண்ணை உறுத்தியிருக்கிறது. சாத்திய கதவு திறக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. கூட்டம் வராததால் பெண்கள் ஆட்டம் நசிக்கவில்லை ஐயா. கூட்டம் வந்ததால் நசுக்கப்பட்டது. கழுத்தை நெரித்துவிட்டு, "ஏன் பாடவில்லை?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

அந்த லிவர்ப்பூல் ஆட்டத்திலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. அணியின் தலைவி ஆலிஸ் கெல். பின்வரிசையில் நின்று கோலைக் காப்பவள். அன்றைக்கு முன்வரிசையின் முக்கிய ஆட்டக்காரி வரமுடியாமல் போனதால், பிற்பாதியில் கெல் முன்னே போய் மூன்று கோல் போட்டாள். அவளைப் பற்றிச் சரித்திரம் நினைவு வைத்திருப்பது எதை? அந்த மூன்று கோல்களை. மற்ற ஆட்டங்களில் எல்லாம் அவள் விழாமல் காத்த கோல்கள் எத்தனை? எழுதி வைத்தவர் இல்லை.

அது அந்நிய நாட்டுப் பழங்கதை என்பீர்கள். நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன்.

மணிப்பூரிலிருந்து வந்த லோயிடோங்பம் ஆஷாலதா தேவி நம் தேசிய அணியின் தலைவியாக இருந்தவர். அவரும் பின்வரிசை ஆட்டக்காரிதான். 2024 அக்டோபரில், காத்மாண்டில் பாகிஸ்தானுக்கு எதிரே ஆடியபோது, இந்தியாவுக்காக நூறு சர்வதேசப் பந்தயங்கள் ஆடிய முதல் பெண் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. நூறு பந்தயம்! கிரிக்கெட்டில் இது நடந்திருந்தால் நம் வீட்டுத் திண்ணைகளில் ஒரு வாரம் வேறு பேச்சு இருந்திருக்காது. உங்கள் தெருவில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள், அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று.

2022-ல் ஆசியக் கோப்பைப் போட்டி நம் நாட்டிலேயே நடந்தது. ஜனவரி 20-ஆம் தேதி ஆஷாலதாவின் அணி ஈரானோடு ஆடியது. நாம் கோல் போடவில்லை, அவர்களையும் போடவிடவில்லை. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். தடுப்பாட்டக்காரியின் தொழிலில் பூஜ்யம்தான் முதல் மார்க்கு. மூன்று நாள் கழித்து நம் அணியில் பலருக்குக் கொரோனா கண்டு, அடுத்த பந்தயத்துக்கு ஆள் சேரவில்லை. விதிப்படி இந்தியா விலகியதாகக் கொள்ளப்பட்டது. அதோடு முடிந்ததா? ஏற்கனவே ஆடிய ஈரான் ஆட்டமும் செல்லாது என்று கணக்கிலிருந்து அடிக்கப்பட்டது. தொண்ணூறு நிமிஷம் ஓடி, மோதி, விழுந்து, எழுந்து சம்பாதித்த அந்த ஒரே ஒரு பூஜ்யம்! அதையும் அழித்துவிட்டார்கள்.

அதே ஆண்டு மே மாதம் ஒடிஸாவில் இந்தியப் பெண்கள் லீக்கின் கடைசிப் பந்தயம். அதுவரை தோல்வியே காணாத இரண்டு அணிகள்: ஆஷாலதா தலைமையில் கோகுலம் கேரளா, எதிரே நம் மதுரைச் சேது அணி. கேரளம் மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தது. ஆஷாலதாவின் பெயர் ஆட்டக் குறிப்பில் ஏறிவிட்டது. ஏன் தெரியுமா? பெனால்டியில் ஒரு கோல் போட்டாரல்லவா! அதற்காக. நூறு ஆண்டு கழிந்தும் ஆலிஸ் கெல்லின் கதைதான்.

பெரியவரின் இரண்டாவது நியாயம்: "அதுதான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சர்க்கார் வேலை கொடுக்கிறார்களே! போலீஸ், ரயில்வே... இன்னும் என்ன வேண்டும்?"

வேலை கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன், நம் தேசிய அணியின் நடுவரிசையில் ஆடியவர், தமிழ்நாட்டுப் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். 2020-ல் ஊரடங்கின்போது சென்னைத் தெருக்களில் காவல் நின்றார். அவருக்கு என் வணக்கம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சப்-இன்ஸ்பெக்டருக்குக் கிடைக்கும் சம்பளம் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு. பந்தாட்டத்துக்கு என்ன சம்பளம்? ஒரு வைத்தியரைப் பார்த்து, "உங்களுக்குத் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா வேலை தருகிறோம்; ஓய்ந்த நேரத்தில் வைத்தியம் பாருங்கள்" என்று சொன்னால் அது வைத்தியத்துக்குச் செய்த மரியாதையா? அதோடு, அந்த வேலையும் பதக்கம் வாங்கிய சிலருக்குத்தான். பொன்னேரியில் இறங்கிப் போனாளே, அவளுக்கு அல்ல.

லீக்கின் கதையையும் பாருங்கள். 2017-ல் டில்லியில் அதன் முதல் இறுதிச் சுற்று நடந்தது. ஆறு அணிகள். மூன்று வாரம்கூட ஓடவில்லை, முடிந்துவிட்டது. 2019-ல் லூதியானாவில் நம் சேது அணி சாம்பியன் ஆயிற்றே, அதுவும் ஒரே மாதத்துக்குள் முடிந்த விவகாரம். சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று ஆடும் முறை 2023-24-ல்தான் வந்தது. திருவிழாக் கடைக்காரன்கூட வருஷத்தில் நாலு ஊர்த் திருவிழா பார்க்கிறான். இவர்களுக்கு ஒரே திருவிழா. மீதி மாதங்களில் என்ன சாப்பிடுவது?

2023 ஏப்ரலில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஒரு தீர்மானம் செய்தது. லீக்கில் ஆடும் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்தியப் பெண்களையாவது ஆண்டுக்கு 3,20,000 ரூபாய்க்குக் குறையாத ஒப்பந்தத்தில் எடுக்கவேண்டும் என்று. நல்ல தீர்மானம், கைதட்டுகிறேன். கைதட்டி முடித்ததும் கணக்குப் போடுகிறேன். மாதம் இருபத்தாறாயிரத்துச் சொச்சம். அந்தப் பருவத்தில் ஏழு கிளப்புகள். ஏழு பத்து எழுபது. இத்தனை கோடி ஜனங்கள் உள்ள நாட்டில் காலால் பிழைக்கலாம் என்று தீர்மானம் உறுதி சொன்னது எழுபது பெண்களுக்கு! கிளப்பில் பதினோராவது பெண்ணாக நிற்பவளுக்கு அந்த உறுதியும் இல்லை. கோல் போடுகிறவளைத்தான் கிளப் முதலில் தேடும். பத்துக்கு வெளியே தள்ளப்படுகிறவள் யாராக இருப்பாள் என்று நான் சொல்ல வேண்டுமா?

மூன்றாவது நியாயத்தைப் பெரியவர் சற்றுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பெண் பிள்ளை. நாளைக்குக் கலியாணம் ஆகிவிட்டால்?"

நிச்சயதார்த்த வீட்டில் கேட்ட கேள்வி! எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கள் வீட்டு அம்மாள் முப்பது வருஷமாக என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"என்ன, சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்" என்றார்.

சும்மா! பால் பொங்கி வழியாமல், குழந்தை கிணற்றில் விழாமல், கடன்காரன் வாசலில் வந்து கத்தாமல், பெரியவரின் இரத்த அழுத்தம் ஏறாமல் முப்பது வருஷம் காத்தவளுக்கு அவர் கொடுத்த பட்டம் அது. நடந்துவிட்டால் தெரியும், நடக்காமல் காத்தால் 'சும்மா'. நம் வீட்டிலேயே இந்தக் கணக்குத்தான் ஓடுகிறது. பிறகு மைதானத்தில் மட்டும் வேறு கணக்கு எங்கிருந்து வரும்? தடுப்பாட்டக்காரி பட்டினி கிடப்பது கால்பந்து தெரியாததால் அல்ல. பெண்ணின் உழைப்பை நாம் பார்க்கும் பார்வையால்.

தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன்கள். நாம் மாலை போட்டோம், படம் எடுத்தோம், 'சிங்கப்பெண்கள்' என்றோம். சிங்கத்துக்குக்கூட மிருகக்காட்சிச் சாலையில் இறைச்சி உண்டு.

ஆகவே நான் கேட்பது பட்டம் அல்ல. கும்மிடிப்பூண்டியில் எத்தனை தொழிற்சாலைகள்! திருவள்ளூர் மாவட்டம் முழுவதும் எத்தனை! ஒவ்வொரு நாளும் பஸ் பஸ்ஸாகப் பெண்கள் வந்து இறங்குகிறார்கள். பிரஸ்டனில் ஒரு தொழிற்சாலை செய்ததை இங்கே நாலு தொழிற்சாலைகள் சேர்ந்து செய்ய முடியாதா? ஓர் அணி. இருபது பெண்கள். பன்னிரண்டு மாதச் சம்பளம். முழங்கால் போனால் வைத்தியச் செலவு. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் ஒரே கூலி. விபத்தில்லாத நாளை எண்ணத் தெரிந்த முதலாளிகளுக்கு இந்தக் கணக்குப் புரியாமல் போகாது.

வாசகர்களான நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆடுகிற பெண்ணைப் பார்த்தால் எத்தனை கோல் போட்டாய் என்று கேட்பதை விடுவோம். நான் அந்த ரயிலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: "உனக்கு மாதம் என்னம்மா கொடுக்கிறார்கள்?"

கேட்கவில்லை. சிரித்தேன். அந்தப் பெண் பொன்னேரியில் இறங்கிவிட்டாள்.