விடுகை விழாவும் வாடகை உடுப்பும்

வருடக் கடைசி வந்தால் எங்கள் பாலர் பாடசாலைகளில் விடுகை விழாதான் பேச்சு. பிள்ளைகள் மேடையேறுவது நல்ல விடயம். அதற்காக ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கறுப்பு அங்கியும் பட்டத் தொப்பியும் எதற்கு? தொப்பி கண்ணை மறைத்துப் பிள்ளை அழும்போது, வீடியோக்காரர் சிரிக்கச் சொல்கிறார்.

உடுப்பு வாடகை, மேடை, வீடியோ என்று கேட்கிற காசைக் கட்ட வழியில்லாத உம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் வைத்துக்கொள்கிறார். தரம் 1 இல் சேர ஜனவரி 31 இல் ஐந்து வயது பூர்த்தியாகியிருந்தால் போதும். பட்டமளிப்புப் படத்தை யாரும் கேட்பதில்லை.

பாடசாலை முற்றத்திலேயே, சீருடையோடு, காலையில் ஒரு மணித்தியாலம் வைப்போமே. பாட்டுப் படிக்கட்டும், பிறகு கூடியிருந்து ஒரே சஹனில் சாப்பிடட்டும். மிஞ்சுகிற காசை டீச்சர்மாருக்குக் கொடுங்கள். அவர்களின் மாதக் கொடுப்பனவு எவ்வளவு என்று நிர்வாகத்தினருக்குத் தெரியும்தானே?