கணிதத்துக்கு வேண்டிய அவகாசம்

ஹைதராபாத் மெட்டுகுடா ரயில்வே குடியிருப்புகளைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களில், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குக் கணக்கு வருமா என்று கேட்பது, அவன் பிழைத்துக்கொள்வானா என்று கேட்பதற்குச் சமானமாகிவிட்டது. தெலங்கானாப் பொறியியல் நுழைவுத் தேர்வில் 180 நிமிஷங்களுக்கு 160 வினாக்கள். அவற்றுள் 80 கணிதம். வினா ஒன்றுக்கு நிமிஷம் ஒன்றும் சில விநாடிகளுமே கிடைக்கும் அந்தப் பந்தயத்தில் ஜெயிப்பது பெரிய சாமர்த்தியம்தான். அந்தச் சாமர்த்தியத்துக்குக் கணித ஞானம் என்று பெயர் சூட்டுவதையே நாம் ஆக்ஷேபிக்கிறோம்.

பயிற்சி நிலையங்கள் கொடுக்கும் சூத்திரத் தொகுப்புகளின் மீது பழி போடுவது எளிது; ஆனால் நியாயமன்று. கும்பகோணத்தில் 1903 வாக்கில் ராமானுஜன் கைக்கு வந்த ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் என்பவரின் நூலும், கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு மாணாக்கரைத் தயார் செய்துவந்த ஒரு தனிப்பயிற்சி ஆசிரியர் தொகுத்ததுதான். சுமார் 5,000 முடிவுகளைப் பெரும்பாலும் நிரூபணமின்றி வரிசைப்படுத்திய நூல் அது. விடுபட்ட நிரூபணங்களைத் தாமே கண்டு தேறும்வரை அந்தப் பக்கத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்க அந்த இளைஞருக்கு மனமும் இருந்தது, பொழுதும் இருந்தது. அதற்காக உபகாரச் சம்பளத்தை இழந்து, எஃப்.ஏ. என்ற கல்லூரிப் பரீட்சையிலும் தோற்றார் என்பதை மறைக்க வேண்டியதில்லை; அந்த விலையை எந்தப் பிள்ளையிடமும் நாம் கேட்கமாட்டோம்.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. 1920-இல் ஹைதராபாத்தில் பிறந்து, நிஜாம் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பயின்று, பிரின்ஸ்டனில் எமில் ஆர்ட்டினிடம் ஆராய்ச்சி செய்து, 1951-இல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த கே. ஜி. ராமநாதன், அறுபது வயதைக் கடந்த பிறகு, ராமானுஜன் நிரூபணம் எழுதாமல் விட்டுச்சென்ற தொடர்பின்ன மதிப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு ஆராய்ந்தார். ஒருவர் ஒரே வரியில் எழுதிவைத்ததற்குக் காரணம் காண இன்னொரு மேதைக்கே இத்தனை பிரயாசை வேண்டியிருந்தது. பதினாறு வயதுப் பையன் மட்டும் ஒரு நிமிஷத்தில் எப்படித் தெளிவான்?

ஒரு நிரூபணத்தைப் படிக்கும்போது தலையை ஆட்டிவிட்டு, புத்தகத்தை மூடியபின் இரண்டாவது வரியிலேயே நின்றுபோகிறவன் அதை இன்னும் கற்கவில்லை என்பது, கணக்குப் போட்டுப் பார்த்த எல்லாரும் அறிந்தது. நின்றுபோன அந்த இடத்தில் வெட்கமின்றி, அவசரமின்றி, நாலு நாள் ஆனாலும் சரி என்று அவனை இருக்கவிடுவதுதான் போதனை. இன்றைய ஏற்பாட்டில் அதற்குத்தான் இடமில்லை.

இடம் தர வேண்டுமானால், வழிமுறையை எழுதிக் காட்டச் சொல்லும் தேர்வு வேண்டும் என்றால், லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் விளக்க விடைகளை யார் திருத்துவது என்பார்கள். 2005 வரை ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில், முதற்கட்ட வடிகட்டலுக்குப் பின், வழிமுறைகளை எழுதிக் காட்டும் கணிதத் தாள் இருக்கத்தான் இருந்தது. 2006 முதல் எல்லாம் கொள்குறி வினாக்களாயின. எனவே முடியாது என்பது வாதமாகாது. மாநில அரசும் அவ்வழியே முதலில் வடிகட்டி, தேறியவர்களுக்கு மூன்று மணி நேரத்தில் ஆறே கணக்குகள் கொண்ட ஒரு தாளை வைக்கட்டும்; விடை தவறினாலும் சிந்தித்த வழிக்கு மதிப்பெண் உண்டு என்று விதிக்கட்டும். பரீட்சை மாறினால் பயிற்சி நிலையங்கள் தாமாகவே மாறும். மாறாவிட்டால் அவற்றுக்கு வியாபாரம் ஏது?