எம்.டி.சி.க்கும் கடிவாளம் வேண்டும்

டைகுளோரோமீத்தேன், தொழிற்சாலைகளில் எம்.டி.சி. என்ற பெயரில் புழங்கும் கரைப்பான். மருந்து தயாரிக்க, பெயின்ட் உரிக்க, உலோகப் பிசுக்கைப் போக்க உதவுகிறது. 40 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பரமக்குடியின் அக்கினி நட்சத்திர வெயிலில் மூடாமல் வைத்த டப்பா விரைவிலேயே வெறும் டப்பாவாகிவிடும். உள்ளே இருந்ததெல்லாம் காற்றோடு போயிருக்கும்.

அந்த ஆவி ஓசோனையும் அரிக்கும். ஆனாலும் ஓசோனைக் காக்க 1987இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கை எம்.டி.சி.யைத் தொடவில்லை. காற்றில் சுமார் ஆறு மாதமே தங்குவதால் ஓசோன் படலம் வரை பெரிதாக எட்டாது என்று கருதப்பட்டது. வெப்பமண்டலத்தில் அந்தக் கணக்கு நிற்கவில்லை. சூடான கடல்மேல் திரளும் மழைமேகங்கள் தரையோரக் காற்றைச் சில மணி நேரத்திலேயே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தூக்கிவிடுகின்றன. ஓசோன் இருக்கும் அடுக்குக்குள் காற்று நுழையும் வாசலே வெப்பமண்டலம்தான். மன்னார் வளைகுடா அந்த வாசற்படியில் கிடக்கிறது.

2016இல் விமானத்தில் சேகரித்த காற்று மாதிரிகளைக் கொண்டு நடந்த ஆய்வு, இந்தியா வெளியிடும் அளவு ஆண்டுக்கு ஏறத்தாழ 96,000 டன் என்று கணித்தது. 2008 மதிப்பீட்டைப் போல அது ஐந்து மடங்கு. இந்த வளர்ச்சி நீடித்தால் அண்டார்டிகா ஓசோன் ஓட்டை ஆறுவது பல ஆண்டுகள் தள்ளிப்போகும்.

ராமேசுவரத்துக்கு மேல் அப்படி ஓட்டை விழவில்லை என்பது உண்மை. ஆனால் உச்சிவெயில் செங்குத்தாக இறங்கும் கரை இது. பாம்பனில் இடுப்பளவு நீரில் பாசி எடுக்கும் பெண்களுக்கும், வாலிநோக்கம் உப்பளத் தொழிலாளருக்கும், 1998, 2010, 2016 ஆண்டுகளில் வெளுத்த பவளப்பாறைகளுக்கும் புற ஊதாக் கதிர் இப்போதே மிகுதி. கூடுதலாக ஒரு துளியும் இவர்கள் தலையில் விழக்கூடாது.

மாற்று இல்லை என்கிறது மருந்துத் துறை. சில வினைகளுக்கு அது சரியாக இருக்கலாம். பெயின்ட் உரிக்க அந்தச் சாக்கு செல்லாது. பெரும்பாலான பயன்பாடுகளை அமெரிக்கா 2024இல் தடை செய்தது. மருந்தாலைகளிலும் ஆவியைக் குளிர்வித்துத் திரும்பப் பிடிக்க முடியும். பிடித்ததை மறுபடி பயன்படுத்தலாம், செலவும் மிச்சம். இதைப் போலவே ஓசோனைக் கெடுக்கும், மேட்டூரிலும் தயாரான கார்பன் டெட்ராகுளோரைடைக் கரைப்பானாகப் பயன்படுத்துவதை இந்தியா 2010இல் நிறுத்தியது. அதற்காக எந்தத் தொழிலும் அழிந்துவிடவில்லை.

மத்திய அரசு 2000ஆம் ஆண்டின் ஓசோன் விதிகளில் எம்.டி.சி.யைச் சேர்க்க வேண்டும். விற்பனைக் கணக்கையும் ஆவி மீட்பையும் கட்டாயமாக்க வேண்டும். வாடைக்காற்று வடபுலத்துப் புகையைச் சுமந்து வரும் மாதங்களில் மண்டபத்தில் இதை அளக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும்.