காய்ந்த தாளுக்கும் ஒரு பக்குவம்

ஓசூர்ப் பக்கம் போயிருக்கிறீர்களா, சகோதரிகளே? 1824-லேயே கால்நடைப் பண்ணை ஏற்பட்ட ஊர் அது. இன்று அங்கே தொழிற்சாலைச் சுவர்கள் நீள நீள, மேய்ச்சல் தரை சுருங்கி வருகிறது. 2011-ல் நம் மாநில அரசு ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு 4 ஆடுகள் கொடுக்கத் தொடங்கியதே, ஞாபகம் இருக்கிறதா? அப்படிப்பட்டவர்கள் தீவனத்துக்கு எங்கே போவார்கள்?

கேழ்வரகு அறுத்தபின் தாள் மிஞ்சுகிறது. அதனால் வயிறு நிரம்புமே தவிர, வளரும் குட்டிக்குச் சதை பிடிக்காது. புரதம் குறைவு. அதற்கு ஒரு பக்குவம் உண்டு. 100 கிலோ தாளுக்கு 4 கிலோ யூரியா. அதைச் சுமார் 60 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்க வேண்டும். ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டுகிறோமே, அந்த மாதிரி! உள்ளே உண்டாகும் அம்மோனியா தாளை இளக்குகிறது. ஆட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைக் கொண்டே புரதம் செய்துகொள்கின்றன.

“உரத்தையா தின்னக் கொடுப்பது?” என்று பதறுகிறீர்களா? ஜாக்கிரதை வேண்டியதுதான். கரைத்த தண்ணீரில் ஆடு வாய் வைத்தால் உயிருக்கே மோசம். கைக்கணக்கு உதவாது, தராசில் நிறுக்க வேண்டும். எடுத்த தாளை நெடி போக உதறி ஆறவிட்டு, சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். பால் மறவாத குட்டிக்குக் கூடவே கூடாது. அதன் இரைப்பை இன்னும் முதிரவில்லை. வளரும் குட்டிக்கும் கொஞ்சம் பிண்ணாக்கு, பசுந்தழை சேர்க்கத்தான் வேண்டும்.

குழந்தைக்குச் சோறூட்டக் காலம் பார்க்கிறோம் அல்லவா? ஆட்டுக்குட்டியும் குழந்தைதானே!